ரமலானை வழியனுப்பிய கலீபா

புனித ரமலான் நம்மிடமிருந்து விடைபெறும் வேளையில் ஒவ்வொரு முஸ்லிமின் உள்ளத்திலும் இரண்டு உணர்வுகள் எழுகின்றன. ஒரு மாதம் பசியையும் தாகத்தையும் பொறுத்துக் கடமையை நிறைவேற்றி விட்டோம் என்னும் மகிழ்ச்சி ஒன்று. அருள் நிறைந்த மாதம் கை நழுவிப் போகின்றதே என்னும் ஏக்கம் மற்றொன்று. இவ்விரண்டோடு மூன்றாவதாக ஓர் உணர்வும் இருந்தாக வேண்டும். பெருநாள் ஏற்பாடுகளின் பரபரப்பில் நம்மில் பலர் அதனை மறந்து விடுகின்றோம். நாம் நோற்ற நோன்பை அல்லாஹு தஆலா ஏற்றுக் கொண்டானா என்னும் அச்சமே அது.

அன்புச் சகோதர சகோதரிகளே! இந்த அச்சத்தைத் தம் ஆட்சிக்குட்பட்ட நகரங்களுக்கெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பிய ஒரு கலீபா இருந்தார்கள். மேற்கே ஸ்பெயின் முதல் கிழக்கே சிந்து வரை பரந்து கிடந்த ஒரு பெரும் அரசின் தலைவர் அவர்கள். பெயர் உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்). ரமலானை இஸ்திக்பாரைக் கொண்டும், பித்ரா தருமத்தைக் கொண்டும் முடித்து வையுங்கள் என்பதே அக்கடிதத்தின் சாரம். நோன்பாளியின் வீண் பேச்சையும் தகாத சொல்லையும் பித்ரா கழுவித் தூய்மையாக்குகிறது. அவற்றால் நோன்பில் விழுந்த கிழிசலை இஸ்திக்பார் ஒட்டுப் போட்டுத் தைக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, யூனுஸ் (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகிய நபிமார்கள் எவ்வாறு தம் இறைவனிடம் மன்னிப்பை வேண்டினார்களோ, அவ்வாறே நீங்களும் வேண்டுங்கள் என்றும் எழுதினார்கள்.

ஓர் அரசர் வரி பற்றி எழுதுவார்; படை பற்றி எழுதுவார். தம் குடிமக்களின் நோன்பில் கிழிசல் இருக்குமே என்று கவலைப்பட்டு எழுதிய அரசர் எத்தனை பேர்? இந்தக் கவலை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அவர்களுடைய வாழ்வைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தாய் வழியில் அவர்கள் இரண்டாம் கலீபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் கொள்ளுப் பேரர் ஆவார்கள். அந்த வழி தொடங்கிய நிகழ்ச்சியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரவில் நகர்வலம் வந்த ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் காதில், ஒரு குடிசைக்குள் தாயும் மகளும் பேசுவது விழுந்தது. பாலில் தண்ணீர் கலக்கும்படி தாய் கூறினாள். கலீபா தடை செய்திருக்கின்றாரே என்றாள் மகள். கலீபா இப்போது எங்கே பார்க்கிறார் என்று தாய் கேட்க, அவருடைய இறைவன் பார்க்கின்றானே என்று மறுத்தாள் அந்த ஏழைப் பெண். அவளைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள் உமர் (ரலி) அவர்கள். அவ்விருவரின் மகளே நம் உமரின் அன்னை. யாரும் காணாத இடத்திலும் இறைவன் காண்கின்றான் என்னும் உணர்வன்றோ நோன்பின் உயிர்! அந்த உணர்வு இவர்களுடைய இரத்தத்திலேயே கலந்திருந்தது.

தந்தை வழியோ உமையா அரச குடும்பம். தந்தை அப்துல் அஜீஸ் இருபது ஆண்டுகள் எகிப்தின் ஆளுநராக இருந்தவர். மகன் கல்வி கற்க மதீனாவுக்கு அனுப்பப்பட்டார். ஒருநாள் ஜமாஅத் தொழுகைக்கு அவர் பிந்தி வந்தார். தலைமுடியைச் சீவி ஒழுங்கு செய்ய நேரமாயிற்று என்று காரணம் கூறினார். ஆசிரியர் ஸாலிஹ் இப்னு கைஸான் (ரஹ்) இதனை எகிப்துக்கு எழுதினார். தந்தை உடனே ஆளனுப்பி, மகனின் தலையை மழித்த பின்னரே மறுபேச்சுப் பேசும்படி செய்தார். தொழுகையைத் தாமதப்படுத்திய முடி தலையில் இருக்கக் கூடாதென்பது அத்தந்தையின் தீர்ப்பு. பிள்ளைகளின் பெருநாள் உடைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் அவர்களுடைய தொழுகைக்குக் காட்டுகின்றோமா என்று பெற்றோராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளமையில் உமர் (ரஹ்) செல்வச் செழிப்பில் திளைத்தார்கள். விலையுயர்ந்த ஆடை உடுத்துவதிலும் நறுமணம் பூசுவதிலும் அவர்களுக்கு நிகர் எவருமில்லை. கலீபா அப்துல் மலிக்கின் மகள் பாத்திமாவை மணந்தார்கள். ஹிஜ்ரி 87ல் (கி.பி. 706) மதீனாவின் ஆளுநர் ஆனார்கள். மார்க்க அறிஞர்கள் பத்துப் பேரை அழைத்து, அவர்களைக் கலந்தே காரியங்களை நடத்தினார்கள். மஸ்ஜிதுன் நபவியை விரிவாக்கிக் கட்டும் பெரும்பணியும் அவர்களுடைய மேற்பார்வையில் நடந்தது.

எனினும் அந்தப் பதவிக் காலத்திலேயே அவர்களுடைய நெஞ்சில் ஒரு முள் தைத்தது. ஹிஜ்ரி 93ல் கலீபா வலீதின் கட்டளை ஒன்று வந்தது. ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் குபைபுக்குக் கசையடி கொடுக்க வேண்டும் என்பதே அது. ஆளுநர் உமர் அதனை நிறைவேற்றினார்கள். அடிபட்ட அவர்மீது குளிர் நாளில் தண்ணீரும் ஊற்றப்பட்டது. அவர் இறந்து போனார். அதே ஆண்டில் ஆளுநர் பதவியும் உமர் (ரஹ்) அவர்களை விட்டு நீங்கிற்று. அந்தத் துயரம் மட்டும் வாழ்நாள் இறுதிவரை நீங்கவில்லை. அவர்களுடைய நற்செயல்களைக் கூறி மறுமையின் நற்செய்தியை யாரேனும் சொன்னால், குபைபுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கலங்குவார்கள்.

கட்டளை என்னுடையதன்று என்று கூறி அவர்கள் தப்பித்துக் கொள்ளவில்லை. பின்னாளில் உலகுக்கெல்லாம் இஸ்திக்பாரை எழுதி அனுப்பிய கரம், தன் பிழையை மறவாத கரம். ஆகவேதான் அந்தக் கடிதத்திற்கு அத்தனை கனம்!

ஹிஜ்ரி 99 ஸபர் மாதத்தில் (கி.பி. 717) கலீபா ஸுலைமான் தாபிக் என்னுமிடத்தில் காலமானார். ரஜா இப்னு ஹைவா (ரஹ்) என்னும் அறிஞரின் ஆலோசனைப்படி, தமக்குப் பின் உமரே கலீபா என்று எழுதி முத்திரையிட்டு வைத்திருந்தார். உறை பிரித்துப் படிக்கப்பட்டபோது உமர் (ரஹ்) நடுங்கினார்கள். மக்கள் விரும்பினால் வேறொருவரைத் தேர்ந்து கொள்ளலாம் என்று பதவியைத் திருப்பித் தர முன்வந்தார்கள். மக்கள் இணங்கவில்லை. அரச ஊர்வலத்திற்காக அலங்கரித்துக் கொண்டுவரப்பட்ட குதிரைகளைத் திருப்பி அனுப்பி விட்டுத் தம் கோவேறு கழுதையிலேயே ஏறிச் சென்றார்கள்.

அன்று முதல் அவர்களுடைய வாழ்வே ஒரு நீண்ட நோன்பாயிற்று எனலாம். தம் குடும்பத்துக்கு வழிவழியாக வந்த பெருநிலங்களில், உரிமையில்லாதவை எனக் கண்டவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். துணைவியார் பாத்திமா, தம் தந்தையார் அளித்த அரிய நகைகளை வைத்திருந்தார். நகையா, நானா என்று தேர்ந்து கொள்ளும்படி கணவர் கூற, அந்த அம்மையார் நகைகளைப் பைத்துல்மாலில் சேர்த்து விட்டார். கணவர் மறைந்த பின் அடுத்த கலீபாவான தம் சகோதரர் யஸீத் அவற்றைத் திருப்பித் தர முன்வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. உயிரோடிருந்தபோது கீழ்ப்படிந்து விட்டு, இறந்த பின் மாறு செய்வதில்லை என்பது அவருடைய உறுதி.

பொதுப் பணிக்கான விளக்கின் ஒளியில் சொந்தப் பேச்சைப் பேச அவர்கள் உடன்பட்டதில்லை. இஸ்லாத்தைத் தழுவியவர்களிடமும் ஜிஸ்யா வரி வாங்கும் வழக்கத்தைத் தடுத்தார்கள். ஹதீஸ்கள் அழிந்து விடாதிருக்க அவற்றைத் திரட்டி எழுதுமாறு மதீனாவின் அபூபக்ர் இப்னு ஹஸ்முக்குக் கட்டளையிட்டார்கள். ஜும்ஆ மிம்பர்களில் ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை ஏசும் தீய வழக்கத்தை ஒழித்து, நீதியையும் நன்மையையும் உறவினருக்கு ஈதலையும் ஏவும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் திருவசனத்தை அவ்விடத்தில் ஓதச் செய்தார்கள். இன்றும் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ குத்பாவின் இறுதியில் அவ்வசனம் ஓதப்படுவதைக் கேட்கும்போது, அது அந்த நல்லடியார் விட்டுச் சென்ற நினைவு என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

அந்தக் கலீபாவின் வீட்டில் பெருநாள் எப்படி இருந்தது? பெருநாளுக்குப் புத்தாடை வேண்டுமெனப் பெண் மக்கள் கேட்டதாகவும், ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகத் தர இயலுமா எனப் பைத்துல்மால் பொறுப்பாளரிடம் கலீபா கேட்டதாகவும், அம்மாதம் முழுவதும் தாங்கள் உயிரோடிருப்பீர்கள் என்பதற்குப் பிணை உண்டா என அவர் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. கலீபா வாயடைத்துத் திரும்பினார்கள். பிள்ளைகள் பழைய ஆடையிலேயே பெருநாளைக் கண்டார்கள். மற்றொரு முறை மகள்மார் தந்தையைக் கண்டதும் வாயைப் பொத்திக் கொண்டு விலகினர். பருப்பும் வெங்காயமுமே உணவாக இருந்ததால், அந்த வாடை தந்தையைத் தாக்கக் கூடாதென்று அவ்வாறு செய்தார்களாம். அதனைக் கேட்டு அவர்கள் கண் கலங்கினார்கள். ஆனால் பொதுப் பணத்தைத் தொடவில்லை.

தம் வீட்டில் இவ்வளவு சிக்கனம் காட்டியவர்கள், ஏழைகளின் பித்ராவில் சிறிதும் தளர்வு காட்டவில்லை. ஒவ்வொரு தலைக்கும் அரை ஸாஉ தானியம், அல்லது அதன் மதிப்பாக அரைத் திர்ஹம் கொடுக்க வேண்டுமெனப் பஸராவுக்கு அவர்கள் எழுதிய கடிதம் ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. பித்ராவைப் பணமாகவும் கொடுக்கலாம் என்னும் ஹனபி மத்ஹபின் அறிஞர்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர். ஷாபிஈ மத்ஹபினர் தானியமாகவே கொடுத்து வருகின்றனர். எவ்வாறாயினும் பெருநாள் தொழுகைக்கு முன்பே அது ஏழையின் கையைச் சேர வேண்டும் என்பதில் கவனமாயிருங்கள். உங்கள் நோன்பின் அழுக்கைக் கழுவும் நீர் அது, தாமதிக்கலாமா?

பெருநாள் குத்பாவிலும் அவர்கள் மக்களைப் புகழவில்லை. முப்பது நாள் நோற்ற நோன்பையும் முப்பது இரவு நின்ற வணக்கத்தையும் ஏற்றுக் கொள்ளும்படி அல்லாஹ்விடம் வேண்டவே இன்று வெளியே வந்திருக்கிறீர்கள் என்று நினைவூட்டினார்கள். கூலியைப் பெற்று விட்டோம் என்று எண்ணி இறுமாந்து வராமல், கூலி கிடைக்குமா என்று கையேந்தி வாருங்கள் என்பதே அதன் உட்பொருள்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். ஹிஜ்ரி 99 ஸபரில் அவர்கள் கலீபா ஆனார்கள். ஹிஜ்ரி 101 ரஜபில் (கி.பி. 720) சிரியாவின் தைர் ஸம்ஆன் என்னுமிடத்தில் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார்கள். வயது ஏறத்தாழ 40. ஆட்சிக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு ரமலான்கள்! மூன்றாவது ரமலானுக்கு ஷஅபான் ஒன்றே இடையில் நிற்க, அழைப்பு வந்து விட்டது. உணவில் நஞ்சு கலக்கப்பட்டதென்றும், கலந்த பணியாளரை அவர்கள் மன்னித்து அனுப்பி விட்டார்கள் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். நோயுற்றுக் கிடந்தபோது காண வந்த மைத்துனர் மஸ்லமா, அழுக்கேறிய சட்டையை மாற்றும்படி சகோதரியிடம் கூறினார். மாற்றுவதற்கு வேறு சட்டை இல்லை என்ற விடையே கிடைத்தது. இளமையில் பட்டும் நறுமணமுமாகத் திகழ்ந்தவர்களின் கடைசி நாள் ஆடை அது.

இரண்டு ரமலான்களை மட்டுமே பெற்ற ஒருவர், பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் நினைக்கப்படுகிறார். அறுபது, எழுபது ரமலான்களைப் பெற்றும் நாம் என்ன ஆனோம்? அருமை வாசகர்களே, இந்தக் கேள்வியை என்னிடம் நான் கேட்கிறேன். உங்களிடம் நீங்கள் கேளுங்கள். சென்ற ஆண்டு நம்மோடு ஒரே ஸப்பில் நின்று தராவீஹ் தொழுதவர்களில் சிலர் இன்று கப்ருகளில் இருக்கின்றார்கள். அடுத்த ரமலான் நம்மைக் காணும் என்பதற்கு எவரும் பிணை நிற்க முடியாது.

ஆகவே எஞ்சியிருக்கும் இந்த இரவுகளில் மூன்று காரியங்களைச் செய்து முடியுங்கள். முதலாவது, தனித்திருந்து இஸ்திக்பார் செய்யுங்கள்; நோன்பு வைத்துக் கொண்டு பேசிய புறத்தையும், சீறிய சீற்றத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக் கேளுங்கள். இரண்டாவது, பித்ராவை உரியவர் வீடு தேடிச் சென்று கொடுங்கள். பெருநாளன்று அவர் யாரிடமும் கையேந்தும் நிலை வரக் கூடாது. மூன்றாவதே கடினமானது. நீங்கள் புண்படுத்திய மனிதர் ஒருவர் இருப்பார். பேசாதிருக்கும் சகோதரர் இருப்பார். பங்கு கொடுக்கப்படாத சகோதரி இருப்பார். அவர்களுடைய வாசலுக்குப் பெருநாளுக்கு முன்பே செல்லுங்கள். அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலுள்ள கிழிசலை இஸ்திக்பார் தைக்கும். அடியாருக்குச் செய்த தீங்கோ அந்த அடியார் மன்னிக்கும் வரை நிற்கும். மன்னிப்பவர் மறைந்து விட்டதாலன்றோ குபைபை நினைத்து ஒரு கலீபா ஆயுள் முழுவதும் கலங்கினார்கள்! உங்களுக்கு உரியவர் இன்னும் உயிரோடிருந்தால், அதுவே உங்களுக்கு அல்லாஹ் அளித்துள்ள அவகாசம்.

ஷவ்வால் பிறை தோன்றியதும் ரமலான் போய்விடும். ரமலானுக்கு உரியவனாகிய அல்லாஹ் என்றும் இருக்கின்றான். நம் குறை நிறைந்த நோன்புகளை அவன் தன் அருளால் நிறைவாக்கி ஏற்றுக் கொள்வானாக! நாம் தீங்கு செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவையும், நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கும் மனத்தையும் தருவானாக! ஆமீன்.