தச்சுப் பட்டறையில் ஒரு பாரிஸ்டர்



மகாத்மா காந்தியின் சரித்திரத்தைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1869-ல் போர்பந்தரில் பிறந்ததும், இலண்டனில் பாரிஸ்டர் ஆனதும், 1893-ல் ஒரு வழக்கு விஷயமாய்த் தென்னாப்பிரிக்கா சென்றதும் யாவரும் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. நாற்பது வயதுக்குமேல் அவர் வாளும் உளியும் பிடித்த கதையையே சொல்ல வருகிறோம்.

இக்கதையில் நம் பக்கத்தாருக்கும் பங்குண்டு. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையில் கப்பலேறி நேட்டாலுக்குப் போன தமிழரில் வடஆற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்காரர் ஏராளம். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தென்னாற்காட்டைச் சேர்ந்தவை. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களுந்தான் பிற்பாடு காந்தியின் பின்னே சிறைக்கு நடந்தார்கள்.

1895-ல் காந்தி நேட்டாலிலுள்ள மரியான்ஹில் மடத்தைப் பார்க்கப் போனார். பிரான்ஸ் பிஃபானர் என்ற ஆஸ்திரியக் குருவானவர் 1882-ல் ஸ்தாபித்த டிராப்பிஸ்ட் மடம் அது. மௌன விரதம் காத்த அத்துறவிகள் புலால் உண்டதில்லை. அங்கிருந்த பட்டறைகளில் ஆப்பிரிக்க வாலிபருக்குக் கொல்லுவேலை, தச்சுவேலை, தோல்வேலை எல்லாம் கற்பித்தார்கள். கறுப்பர், வெள்ளையர் என்று பேதம் பாராமல் நடத்தியது காந்தியின் மனத்தைத் தொட்டது. அதே வருஷம் இலண்டன் சைவ உணவினரின் பத்திரிகையில் இம்மடத்தைப் பற்றி எழுதினார். அன்று விழுந்த விதை முளைக்கப் பதினைந்து வருஷமாயிற்று.

1910-ல் டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகம் நீண்டுகொண்டே போயிற்று. ஆண்கள் சிறையில், பெண்டு பிள்ளைகள் நிர்க்கதி. குடும்பத்துக்குக் குடும்பம் மாதப்பணம் கொடுத்துத் தாங்கக் கையில் நிதியில்லை. அப்போது ஹெர்மன் கல்லன்பாக் என்ற ஜெர்மானிய யூதர், கட்டிடக்கலை நிபுணர், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைலில் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை.

நிலமும் பழமரங்களும் இருந்தன. குடியிருக்கப் போதிய வீடில்லை. ஆரம்பத்தில் கூடாரத்தில் படுத்துக்கொண்டு கட்டிட வேலையைத் தொடங்கினார்கள். குஜராத்தித் தச்சர் ஒருவர் கூலி வாங்காமல் வந்து உதவினார். குறைந்த கூலிக்கு வேறு தச்சர்களையும் அழைத்து வந்தார். தச்சு அறியாத சத்தியாக்கிரகிகள் சுமை தூக்கினார்கள், பலகை பிடித்தார்கள், பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். பிகாரி என்ற தொண்டர் தச்சருடைய வேலையில் பாதியைத் தாமே செய்யுமளவுக்குத் தேறிவிட்டார்!

பட்டறைக்குத் தலைவர் கல்லன்பாக். வேலையில் துல்லியம் தவறாதவர். தச்சு வேலையில் மயிரிழை பிசகினாலும் பொருத்து உட்காராது என்பதை நம்மூர் ஆசாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். நூலடித்த கோட்டைக் காத்துக்கொண்டே அறுக்க வேண்டும். இழைப்புளியை மரத்தின் நார் போகும் போக்கிலே ஓட்ட வேண்டும். எதிர்த்து ஓட்டினால் பலகை பிசிறும். மூலைமட்டம் பொய் சொல்லாது. நீதிமன்றத்தில் வாதாடும் சாமர்த்தியம் இங்கே ஒரு காசுக்கும் உதவாது அல்லவா? கோணிய பலகையை எந்தப் பாரிஸ்டரும் பேசி நிமிர்த்திவிட முடியாது.

பெஞ்சு முதல் பெட்டி வரை பண்ணைக்கு வேண்டியதை அவர்களே செய்துகொண்டார்கள். சிறுவர்களுக்கு ஒரு சிறிய தச்சு வகுப்பும் நடந்தது. செருப்புத் தைக்கும் தொழிலைக் கல்லன்பாக் எங்கே போய்க் கற்று வந்தார் தெரியுமா? மரியான்ஹில் மடத்தில்தான். அவரிடம் காந்தி கற்றார்; காந்தியிடம் மற்றவர் கற்றனர்.

பண்ணையில் ஒரு சட்டம் இருந்தது. ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளையிடம் ஏவக்கூடாது. ஒவ்வொரு வேலையிலும் பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் கூட நின்று உழைப்பார். எழுத்துப் படிப்பு மத்தியானத்துக்குப் பிறகே. காலையெல்லாம் உழைத்த களைப்பில் பிள்ளைகளும் தூங்கி விழுவார்கள், வாத்தியாருக்கும் கண் சொருகும்! தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவரும் காந்தியே. கப்பலிலும் சிறையிலும் போப்பையருடைய நூலை வைத்துக்கொண்டு படித்த அரைகுறைத் தமிழ் அது. தவறினால் பிள்ளைகளே திருத்தினார்கள் போலும்.

நம்மில் எத்தனை பெற்றோர், பையன் பரீட்சையில் தவறினால்தான் அவனைப் பட்டறைக்கு அனுப்ப யோசிக்கிறோம்! வக்கீல் தொழிலில் நல்ல வருமானம் கண்டவர், குலத்தால் வணிகர், அதே பட்டறைக்குத் தாமாகவே போனார். கைத்தொழில் இழிவு என்ற எண்ணம் சாதியோடு ஒட்டிக் கிடந்த நாளில் அது சின்னக் காரியமன்று.

1912-ல் கோகலே பண்ணைக்கு வந்தபோது அங்கே ஒரு கட்டிலும் கிடையாது, எல்லாருக்கும் தரைதான். விருந்தினருக்காக ஒன்று இரவல் வாங்கிப் போட்டார்கள். அவரோ அதை அகற்றச் சொல்லித் தரையிலே படுத்தார். பெஞ்சும் பெட்டியும் செய்தவர்கள் தங்களுக்குக் கட்டில் செய்துகொள்ளவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

1913-ல் பண்ணை வாழ்வு முடிந்தது. 1914-ல் இருவரும் ஒன்றாக இலண்டன் சென்றார்கள். யுத்தம் மூண்டமையால், ஜெர்மானியரான கல்லன்பாக்குக்கு இந்தியா வர அனுமதி கிடைக்கவில்லை. 1915-ல் காந்தி மட்டும் தாயகம் திரும்பினார். 23 வருஷம் கழித்து, 1937-ல், கல்லன்பாக் இந்தியா வந்து பழைய நண்பரைக் கண்டார். அதே வருஷம் அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கவேண்டும் என்ற திட்டத்தைக் காந்தி நாட்டின் முன் வைத்தார். கல்லன்பாக் 1945-ல் காலமானார். காந்தி 1948 ஜனவரி 30-ந் தேதி டில்லியில் சுடப்பட்டு இறந்தார்.