ராமன் விளைவுக்குள் ஒரு கிருஷ்ணன்

தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி கிழக்குப் பக்கம் போனா, மரங்கள் அடர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வரும். 1937-இல் இங்கே இடம் மாறும்வரை அது பாரிமுனையில் இருந்தது. அங்கே படித்து, வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராகவும் இருந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். மதிய இடைவேளையில் அவரிடம் இயற்பியல், கணிதம், வேதியியல்னு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வேறு கல்லூரி மாணவர்களும் வந்து உட்காருவார்களாம்.

1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை, அப்புறம் கல்கத்தாவில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடம்.

1928 பிப்ரவரி. இருவரும் செய்த சோதனையைக் கேட்டா, இவ்வளவுதானான்னு தோணும். சூரிய ஒளியை நீல ஊதா ஃபில்டர் வழியாகத் தூய திரவத்துக்குள் பாய்ச்சினார்கள். சிதறி வரும் ஒளியை, அந்த நிறத்தைத் தடுக்கும் வேறொரு ஃபில்டர் வழியாகப் பார்த்தார்கள். இருட்டாகத்தானே இருக்கணும்? மங்கலாக ஒளி தெரிந்தது! அதாவது, மூலக்கூறில் மோதிய ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வந்தது. சுமார் அறுபது திரவங்களில் பார்த்து உறுதி செய்தார்கள். 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிய முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என இரு பெயர்களும் இருந்தன.

1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். தன் நோபல் உரையில் ராமன் கிருஷ்ணனைக் குறிப்பிட்டார். ஆனா நம்ம பாடப்புத்தகத்தில் நிலைத்தது ஒரு பெயர்தான்.

கிருஷ்ணன் அங்கேயே நின்றுவிட்டாரா? இல்லை. டாக்கா போய், படிகங்களின் காந்தப் பண்புகளை அளந்தார். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1958-இல் முதல் பட்நாகர் விருதும் அவருக்கே.

1960-இல் உலகின் முதல் லேசர் ஒளிர்ந்தது. மறு ஆண்டு ஜூனில் கிருஷ்ணன் காலமானார். சூரிய ஒளியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்த அந்த மங்கல் ஒளியை, இன்று லேசர் நொடியில் பதிவு செய்கிறது. ஃபெம்டோ நொடி லேசர் துடிப்புகளால் மூலக்கூறு அதிர்வதையே பின்தொடர முடிகிறது. இதையெல்லாம் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்த முறை லேப்ல ராமன் ஸ்பெக்ட்ரம் எடுக்கும்போது, கிருஷ்ணனையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அப்படியே, உங்க புராஜெக்ட் ரிப்போர்ட்டில் கூட உழைச்ச நண்பனின் பெயர் இருக்கான்னும் பாருங்க!