பாடகர் இல்லை... இவர் பீரை ருசித்துப் பார்த்து எழுதிய மைக்கேல் ஜாக்சன்!

கூகுளில் ‘மைக்கேல் ஜாக்சன்’ என்று தேடினால் மூன்வாக் வீடியோதான் முதலில் வரும். ஆனால் பெல்ஜியத்தில் பீர் காய்ச்சுபவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால், தாடியும் கண்ணாடியுமாக இருந்த ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர்தான் அவர்களுக்கு நினைவுக்கு வருவார். பீரைக் குடிப்பது வேறு, ருசித்து மதிப்பிடுவது வேறு என்பதைத் தன் எழுத்தால் உலகத்துக்குப் புரியவைத்தவர். அப்படிப்பட்டவரையே கடைசிக் காலத்தில் சிலர் குடிகாரர் என்று நினைத்தார்கள். ஏன் அப்படி? பார்ப்போம்.

யாருங்க இவர்?

1942-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். அப்பா லாரி டிரைவர். 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் உள்ளூர் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். பிறகு எடின்பரோ, லண்டன் என்று பத்திரிகை வேலையிலேயே வளர்ந்தார்.

அப்போது ஒயினைப் பற்றி எழுதத் தனி விமர்சகர்கள் இருந்தார்கள். பீரா? வேலை முடிஞ்சு வர்றவங்க குடிக்கிறது, அதுல எழுத என்ன இருக்கு என்பதுதான் பொதுவான எண்ணம். 1977-ல் வெளியான ‘வேர்ல்டு கைடு டு பீர்’ என்ற அவரது புத்தகம் அதை மாற்றியது. உலக பீர்களை ஊர், வரலாறு, காய்ச்சும் முறை ஆகியவற்றை வைத்து வகை வகையாகப் பிரித்துக் காட்டினார். இன்று ப்ரூபப் மெனுவில் ஸ்டவுட், விட்பியர், சேஸோன் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு அந்தப் புத்தகம் முக்கியக் காரணம்.

பண்ணைக்குள் போனவர்

அவருக்கு மிகவும் பிடித்த நாடு பெல்ஜியம். அங்கே பிரெஞ்சு பேசும் வல்லோனியா பகுதியில் உருவானது சேஸோன். பிரெஞ்சில் ‘பருவம்’ என்று அர்த்தம். கோடையில் வெப்பம் அதிகம் என்பதால் பீர் கெட்டுவிடும். அதனால் விவசாயிகள் குளிர்காலத்திலேயே காய்ச்சி வைத்து, கோடையில் வயலில் வேலை செய்பவர்களுக்குக் கொடுப்பார்கள். லாகர் பீர் வந்த பிறகு இந்த வகை மெல்ல மறைய ஆரம்பித்தது.

டூர்ப் கிராமத்தில், 1844 முதல் பீர் காய்ச்சிவரும் பண்ணையில் இயங்கும் டூபோன் நிறுவனத்தின் சேஸோனைப் பற்றி ஜாக்சன் திரும்பத் திரும்ப எழுதினார். அதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் சின்னச் சின்ன நிறுவனங்கள்கூட சேஸோன் காய்ச்சத் தொடங்கின.

சரி, எப்படி மதிப்பிடுவது?

டூபோன் சேஸோனில் ஆல்கஹால் 6.5%. அதே பண்ணையின் ‘முவானெட்’ 8.5%. இந்த மாதிரி ஸ்ட்ராங்கான பண்ணை பீரை ஐஸ் மாதிரி குளிர வைத்தால் வாசனையே வராது. ஓரளவு குளிர்ச்சி போதும். வாய் குறுகிய கிளாஸில் ஊற்றி, முதலில் நிறமும் நுரையும் பார்க்க வேண்டும். லேசாகக் கலங்கிய பொன்னிறமும் சீக்கிரம் அடங்காத நுரையும் நல்ல அறிகுறி.

அடுத்து வாசனை. ஆரஞ்சுத் தோல், மிளகு வாசனை வரும். மசாலா எதுவும் போடாமலேயே ஈஸ்ட் உண்டாக்கும் வாசனை இது. பிறகு ஒரு வாய். ஈஸ்ட் சர்க்கரையை அநேகமாக முழுசா தின்றுவிடுவதால் இனிப்பு தங்காமல் சுவை வறட்சியாக முடியணும். ஆல்கஹால் தொண்டையைச் சுட்டால் மார்க் குறையும். இவ்வளவுக்கும் சில வாய் போதும்.

கடைசிப் பரீட்சை

1989-ல் ‘தி பீர் ஹன்டர்’ டிவி தொடர் அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் பின்னாளில் மேடைகளில் அவர் தடுமாறினார். பேச்சு குழறியது. பீரைப் பற்றி எழுதுகிறவர்தானே, போதையாக இருக்கும் என்று பார்த்தவர்கள் முடிவு கட்டினார்கள். உண்மையில் அது பார்க்கின்சன் நோய். பத்து வருடங்களுக்கும் மேலாக மறைத்து வைத்திருந்த அதை 2006-ன் இறுதியில்தான் வெளிப்படையாகச் சொன்னார். 2007 ஆகஸ்ட் 30-ம் தேதி, 65 வயதில் மாரடைப்பால் லண்டனில் காலமானார்.

ஒரு கிளாஸ் பீரைக்கூட நிறம், மணம், சுவை என்று எல்லாம் பார்த்த பிறகே மதிப்பிட வேண்டும் என்று எழுதியவர் அவர். ஆனால் அவரை மதிப்பிட்டவர்கள் நடையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அடுத்த முறை யாராவது தடுமாறி நடப்பதைப் பார்த்தால், ஒரு நிமிஷம் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு)