சுருட்டுத் தொழிலாளரின் தலைவர் ஹொசே மார்த்தி

ஹவானாச் சுருட்டின் பெருமையை உலகம் அறியும். அச்சுருட்டைச் சுற்றிய ஏழைக் கைகளே கியூபாவின் விடுதலைப் போருக்குப் பொருள் கொடுத்தன என்பதை அறிந்தோர் சிலரே. அக்கைகளை ஒன்று சேர்த்தவர் ஒரு கவிஞர்.

ஹொசே மார்த்தி 1853 ஜனவரி 28 ஆந் திகதி ஹவானாவிற் பிறந்தார். பெற்றோர் ஸ்பானியர், மகனோ ஸ்பானிய ஆட்சியை வெறுத்தான். பதினாறாம் வயதிற் சிறைப்பட்டு, 1870 இல் ஆறாண்டுக் கடூழியத் தண்டனை பெற்று, காலிலே சங்கிலியுடன் சுண்ணாம்புக்கல் அகழ்ந்தான். அப்புண் ஆயுள்வரை ஆறவில்லை. அச்சங்கிலியின் இரும்பில் தாயார் செய்வித்த மோதிரத்தைப் பிற்காலத்தில் அவர் அணிந்திருந்தார். 1871 இல் ஸ்பெயினுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே சட்டமும் தத்துவமும் கற்றார். பின்னர் பல தேசங்களில் அலைந்து, 1880 முதல் நியூ யோர்க்கிற் பெரும்பாலும் தங்கிப் பத்திரிகைகளுக்கு எழுதிச் சீவித்தார்.

இனிச் சுருட்டின் கதைக்கு வருவோம். 1865 இல் ஹவானாத் தொழிற்சாலையொன்றிற் புதுவழக்கம் ஒன்று தொடங்கியது. வேலையாட்கள் சுருட்டுச் சுற்ற, ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து உரக்க வாசிப்பார். பத்திரிகைச் செய்தியும் நாவலும் வாசிக்கப்படும். அவருக்குக் கூலி கொடுப்பவர் முதலாளியல்லர், கேட்கும் தொழிலாளரே. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் பத்திரிகை வாசிக்கக் கேட்டவர்களுக்கு இது புதுமையன்று. கேட்பவன் சிந்திப்பான் என்று அஞ்சிப்போலும், அரசாங்கம் மறு ஆண்டே அதனைத் தடைசெய்தது. ஆயினும் போருக்கஞ்சிப் புளோரிடாவிற் குடியேறிய தொழிலாளர் புகையிலையோடு வாசிப்பையும் கொண்டுசென்றனர். எழுத்தறியாதவனும் செர்வாந்தேசின் டொன் கிஹோத்தே கதையை அறிந்திருந்தான்.

இத்தகைய சபைக்கு முன்னே தான் 1891 நவம்பரில், டாம்பா நகரின் ஈபோர் சிற்றியில், மார்த்தி வந்து பேசினார். படித்த கனவான்கள் பலர் தயங்கிய வேளையிலே சுருட்டுத் தொழிலாளர் தயங்கவில்லை. தம் கூலியில் ஒரு பங்கை ஒழுங்காக ஒதுக்கிக் கொடுத்தனர். 1892 இல் கியூபாப் புரட்சிக் கட்சி உருவாயிற்று. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மக்கள் என்பது மார்த்தியின் உறுதியான கொள்கை. டாம்பாவில் அவர் தங்கியது பவுலினா பெத்ரோசோ என்னும் கறுப்பின மாதின் இல்லத்திலேயாம்.

அந்நகரிலே இருவர் அவருக்கு நஞ்சூட்ட முயன்றனர். உயிர் தப்பிய மார்த்தி அவர்களைத் தண்டிக்க இடங்கொடாது மன்னித்தார் என்றும், அவருள் ஒருவன் பின்னர் கியூபாவுக்காகப் போரிட்டான் என்றும் கூறுவர். தன்னைக் குத்தியவனைப் பத்திரமாக ஊரெல்லை கடத்தச் செய்த மெய்ப்பொருள் நாயனாரை நினையாமல் இதனைப் படிக்க நம்மால் இயலுமா?

1895 ஜனவரியில் பேரிடி விழுந்தது. தொழிலாளர் காசிலே வாங்கிய ஆயுதங்களை ஏற்றவிருந்த மூன்று கப்பல்களும் அமெரிக்க அதிகாரிகளிடம் அகப்பட்டன. பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளிற் போயிற்று. தொழிலாளரோ பின்வாங்கவில்லை. அம்மாத முடிவிலே மார்த்தி எழுச்சிக்கான ஆணையில் ஒப்பமிட்டார். மேற்கு டாம்பாத் தொழிற்சாலையொன்றில் அதனை ஒரு சுருட்டினுள் வைத்துச் சுற்றி ஹவானாவுக்குக் கடத்தினர் என்பது அவ்வூரார் பெருமையோடு சொல்லும் வரலாறு. பெப்ரவரி 24 இல் போர் மூண்டது.

பிறரைப் போருக்கு அனுப்பித் தாம் மேடையில் நிற்க அவர் மனம் ஒப்பவில்லை. ஏப்ரில் 11 ஆந் திகதி இரவு, ஐவருடன் சிறு படகிலே கியூபாவின் கரையிறங்கினார். மே 19 இல், தளபதி கோமெஸ் பின்னே நிற்கச் சொல்லியும் கேளாது குதிரையை முன்செலுத்தி, டோஸ் ரியோஸ் என்னுமிடத்திற் குண்டுபட்டு வீழ்ந்தார். வயது நாற்பத்திரண்டு. ஸ்பானியர் ஆட்சி ஒழிந்தது 1898 இல். கியூபாக் குடியரசு எழுந்தது 1902 இல்.

டாம்பாவில் வாசிப்போரின் ஆசனங்களை முதலாளிமார் 1931 இல் அகற்றினர். அவற்றினிடத்தை வானொலி பிடித்தது. பவுலினாவின் வீடு நின்ற இடத்தில் இப்பொழுது சிறு பூங்காவும் மார்த்தியின் சிலையும் உள்ளன. அமெரிக்காவின் நடுவே இருப்பினும், அந்நிலத்துண்டு கியூபாவுக்கே உரியது.