ராணுவம் பூட்டி வைத்த வரைபடக் கலை

பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு டிராயிங் புதிதல்ல. தாளை விரித்தால் ஒரே பொருளுக்கு மூன்று படம் இருக்கும். ஒன்று முன்னால் நின்று பார்த்தது. ஒன்று மேலே இருந்து பார்த்தது. இன்னொன்று பக்கவாட்டில் பார்த்தது. எலிவேஷன், பிளான், சைடு வியூ என்பார்கள். பிட்டர் அந்த மூன்றையும் சேர்த்து மனதுக்குள் முழு இரும்புத் துண்டையும் உருவாக்கிக் கொள்கிறார். படம் போட்டவர் எங்கோ இருப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். ஆனாலும் துளை விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுகிறது.

இந்த முறைக்குக் கணித அடிப்படை போட்டுக் கொடுத்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கஸ்பார் மோன்ஜ். பல ஆண்டுகள் இதை வெளியில் சொல்ல முடியாமல் அவர் கை கட்டப்பட்டிருந்தது.

சிறு வியாபாரி மகன்

மோன்ஜ் 1746-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி பர்கண்டிப் பகுதியில் உள்ள போன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று வியாபாரம் செய்தவர். கத்தி சாணை பிடிப்பவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். எப்படி இருந்தாலும் கையில் காசு தங்காத பிழைப்பு. ஆனால் அந்த மனிதர் தன் மூன்று மகன்களையும் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். மூன்று பேருமே பின்னாளில் கணித ஆசிரியர்கள் ஆனார்கள்.

கஸ்பார் 14 வயதிலேயே தீயணைக்கும் பம்பு ஒன்றைத் தன் கையால் செய்ததாகச் சொல்வார்கள். 17 வயதில் லியோன் நகரக் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தார். 1764-ல் ஊருக்குத் திரும்பியபோது, சொந்த ஊரை முழுவதும் அளந்து பெரிய வரைபடம் ஒன்று தயாரித்தார். அளப்பதற்கு வேண்டிய கருவிகளையும் அவரே செய்து கொண்டார். அந்தப் படம் ஒரு ராணுவ என்ஜினீயர் அதிகாரியின் கண்ணில் பட்டது. மெசியேர் நகரில் இருந்த ராணுவ என்ஜினீயரிங் கல்லூரிக்கு வரும்படி சொன்னார்.

பையன் ஆசையோடு போனான். அங்கே பெரிய ஏமாற்றம் காத்திருந்தது.

பிறப்பு குறுக்கே நின்றது

அதிகாரி ஆவதற்குப் படிக்க வேண்டுமானால் உயர்குடியில் பிறந்திருக்க வேண்டும். சிறு வியாபாரி மகனுக்கு அந்த வாசல் திறக்காது. பக்கத்தில் இருந்த தொழிற்கூடத்தில்தான் இடம் கிடைத்தது. கோட்டை மாதிரிகளைச் சுண்ணச் சாந்தில் செய்வதும், படம் வரைவதும், கல் செதுக்குவதற்கு மாதிரி வெட்டித் தருவதும் அங்கே வேலை. மற்ற மாணவர்கள் அந்தப் பிரிவுக்குச் சாந்து குழைக்கும் இடம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

சுமார் ஓர் ஆண்டுக்குப் பிறகு அவரிடம் ஒரு கணக்கு வந்தது. ஒரு கோட்டை கட்ட வேண்டும். சுற்றியுள்ள மேடுகளில் எங்கே நின்றாலும் எதிரி உள்ளே பார்க்கவோ சுடவோ முடியக்கூடாது. அதற்குச் சுவர்கள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? அந்த நாளில் இதற்கு நாள் கணக்கில் எண்களைக் கூட்டிக் கழித்துக் கொண்டிருப்பார்கள்.

மோன்ஜ் அப்படிச் செய்யவில்லை. தாளில் கோடுகள் போட்டே விடையைக் கண்டுபிடித்தார். கொண்டு போய்க் கொடுத்தால் மேலதிகாரி வாங்கிப் பார்க்கவே மறுத்து விட்டார்! இவ்வளவு சீக்கிரம் கணக்கு முடிந்திருக்க வழியே இல்லை என்பது அவர் வாதம். மோன்ஜ் விடவில்லை. வற்புறுத்திப் பார்க்க வைத்தார். விடை சரியாக இருந்தது. சாந்து குழைத்த பையன் உயர்குடி மாணவர்களுக்குச் சொல்லித் தரும் இடத்துக்கு வந்தார். 1769-ல் கணிதப் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 22.

சுவரும் தரையும்

அவர் செய்தது என்ன?

வீட்டு மூலையில் சுவரை ஒட்டி, தரைக்குச் சற்று மேலே ஒரு பெட்டி நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். பெட்டியின் ஒவ்வொரு முனையிலிருந்தும் சுவருக்கு நேராக ஒரு கோடு, தரைக்கு நேராக ஒரு கோடு இழுக்க வேண்டும். சுவரில் ஓர் உருவம் விழும். தரையில் ஓர் உருவம் விழும். இப்போது கீல் போட்ட கதவைப் போல் தரையை மட்டும் கீழே மடக்கிச் சுவரோடு ஒரே மட்டமாக்கி விடுங்கள். இரண்டு படமும் ஒரே தாளில் வந்து விட்டன. மேலே எலிவேஷன், கீழே பிளான். நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் காம்பசை வைத்தே எடுத்து விடலாம். சாய்ந்து நிற்கும் கம்பியின் உண்மை நீளம், இரண்டு குழாய் சந்திக்கும் இடத்தின் வளைவு இவற்றைக்கூடத் தாளிலேயே கண்டுபிடிக்கலாம்.

பிளானும் எலிவேஷனும் அவருக்கு முன்னே இல்லாதவை அல்ல. கல் தச்சர்களும் மரத் தச்சர்களும் பரம்பரையாக வைத்திருந்தார்கள். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1525-லேயே இதைப் பற்றி நூல் எழுதினார். ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி வித்தையாகச் சிதறிக் கிடந்தது. கல்லுக்கும் மரத்துக்கும் கோட்டைக்கும் ஒரே விதி என்று காட்டியவர் மோன்ஜ்.

இந்தியாவின் தர நிர்ணய விதி ஏற்றுள்ள பர்ஸ்ட் ஆங்கிள் முறை அவர் மடக்கிய வழியில் வந்ததுதான். அமெரிக்கர்கள் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தேர்டு ஆங்கிளுக்கு மாறினார்கள். அதில் பிளான் மேலே இருக்கும். டிராயிங் மூலையில் உள்ள வெட்டிய கூம்புச் சின்னத்தைப் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தால் துளை எதிர்ப்பக்கம் போய் விடும். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு பயனுள்ள முறையை மெசியேர் கல்லூரி வெளியே விடவில்லை. ராணுவ ரகசியம் என்று வைத்துக் கொண்டது. மோன்ஜ் வேறு ஆராய்ச்சிகளால் பெயர் பெற்றார். 1780-ல் அறிவியல் கழகத்துக்குத் தேர்வானார். ஆனால் தன்னுடைய பெரிய சொத்தை மட்டும் புத்தகமாகப் போட முடியவில்லை.

புரட்சி திறந்த கதவு

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பிறப்பைக் கேட்கும் சட்டங்கள் போயின. மோன்ஜ் புரட்சியின் பக்கம் நின்றார். 1792 ஆகஸ்டில் கப்பல் படை மந்திரி ஆனார். அந்தப் பதவி அவருக்கு ஒத்து வரவில்லை. எட்டு மாதத்தில் விலகினார். நாட்டைப் பல பக்கமும் எதிரிகள் சூழ்ந்திருந்த நேரம். பீரங்கி வார்க்கும் தொழிற்சாலைகளைப் போய்ப் பார்த்து வழி சொல்லிக் கொடுத்தார். தொழிலாளிகள் படித்து வேலை செய்வதற்காகவே பீரங்கி செய்வது பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

1795 ஜனவரியில் பாரீசில் ஆசிரியர்களுக்கான புதிய கல்லூரி திறந்தார்கள். நாடு முழுவதிலுமிருந்து சுமார் 1,400 பேர் வந்தார்கள். அத்தனை பேர் முன்னால் மோன்ஜ் தன் வரைபடக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். சுருக்கெழுத்தாளர்கள் எழுதிக் கொண்டார்கள். 1799-ல் அது புத்தகமாக வந்தது. அதன் முன்னுரையில், இந்தக் கலை கைத்தொழில் செய்கிறவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் பிரான்சு அயல்நாட்டுச் சரக்கை நம்பி இருக்காது என்ற கருத்தை எழுதினார்.

1794-ல் ஆரம்பித்த பாலிடெக்னிக் கல்லூரிக்கும் அவர் ஒரு தூண். அங்கே பரீட்சை எழுதித் தேறினால் இடம். நெப்போலியன் காலத்தில் மாணவர்கள் கட்டணம் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மோன்ஜ் எதிர்த்துப் பார்த்தார், முடியவில்லை. கல்லூரியிலிருந்து தனக்கு வர வேண்டிய பென்ஷனை ஏழை மாணவர்களுக்கு விட்டுக் கொடுத்தார்.

நெப்போலியனுக்கு அவர் நெருங்கிய நண்பர். 1796-ல் இத்தாலியில் பிரெஞ்சுப் படை கைப்பற்றிய ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து பாரீசுக்கு அனுப்பும் குழுவில் இருந்தார். அது பெருமை தரும் வேலை அல்ல. 1798-ல் எகிப்துக்குப் போய், கெய்ரோவில் தொடங்கிய ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைவர் ஆனார். பாலைவனத்தில் தாகத்தோடு நடந்த சிப்பாய்களை ஏமாற்றிய கானல் நீர் எப்படித் தோன்றுகிறது என்று விளக்கிச் சொன்னது அங்கேதான்.

கடைசிக் காலம்

1815-ல் நெப்போலியன் வீழ்ந்தார். மீண்டும் மன்னர் ஆட்சி. 1816-ல் அறிவியல் கழகத்திலிருந்து மோன்ஜின் பெயரை அடித்தார்கள். பாலிடெக்னிக் கல்லூரியையும் அந்த ஆண்டு கலைத்து மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு கல்லூரி திறந்தது. மோன்ஜ் உடம்பும் மனமும் தளர்ந்து வீட்டோடு கிடந்தார். 1818 ஜூலை 28-ந் தேதி பாரீசில் இறந்தார். வயது 72.

சவ ஊர்வலத்துக்குப் போகப் பாலிடெக்னிக் மாணவர்கள் அனுமதி கேட்டார்கள். அரசாங்கம் மறுத்து விட்டது. அவர்கள் உத்தரவை மீறவில்லை. அடக்கம் முடிந்த பிறகு திரண்டு பேர் லாஷேஸ் மயானத்துக்குப் போய், ஆசிரியர் கல்லறையில் மாலை வைத்துத் திரும்பினார்கள்.

1989 டிசம்பரில், புரட்சியின் 200-வது ஆண்டில், பிரெஞ்சு அரசு அவருடைய உடலை அந்த மயானத்திலிருந்து எடுத்து, நாட்டின் பெரியோர்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் வைத்தது.