நோயுடன் நடந்த சிவா

தூத்துக்குடியில் திரேஸ்புரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். வள்ளங்கள் கரையேறும் இடம் அது. சங்கு குளிக்கிறவர்கள் வாழும் இடம். 1908-ம் ஆண்டுத் தொடக்கத்தில், தூத்துக்குடிக் கடற்கரையில் மாலைதோறும் ஜனங்கள் திரண்டார்கள். ஓர் இளைஞரின் பேச்சைக் கேட்கத்தான் அவ்வளவு கூட்டம்!

அந்த இளைஞர் சுப்பிரமணிய சிவா. வயது 23. வத்தலக்குண்டில் 1884-ல் பிறந்தவர். கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு அவர் வலது கை. கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது இருவரும் அவர்கள் பக்கம் நின்றார்கள். தொழிலாளர்கள் வென்றார்கள்.

வெள்ளைக்கார அரசு சும்மா இருக்குமா? மார்ச் 12-ந் தேதி இருவரையும் கைது செய்தது. ஜூலையில் தீர்ப்பு வந்தது. சிவாவுக்குப் பத்து வருஷம் நாடு கடத்தல் தண்டனை. ஐகோர்ட்டில் அது ஆறு வருஷமாகக் குறைந்தது.

சிறை தந்த பரிசு

சிறையில் சிவாவுக்குக் கடும் வேலை. கம்பளி ரோமத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அங்கேதான் அவருக்குத் தொழுநோய் கண்டது. 1912 நவம்பரில் வெளியே வந்தபோது உள்ளே போன சிவா இல்லை. உடம்பெல்லாம் புண். அந்த நாளில் தொழுநோய்க்கு நல்ல மருந்து கிடையாது. அதைவிடக் கொடியது, ஊர் ஒதுக்கி வைப்பது.

ஒருவர் மட்டும் ஒதுக்கவில்லை. அவர் மனைவி மீனாட்சி அம்மாள். புருஷன் சிறையில் இருந்த நான்கு வருஷமும் காத்திருந்தவர் அவர். திரும்பி வந்தவரோ நோயாளி. ஆனாலும் சென்னையில் அவருடன் குடித்தனம் நடத்தினார். சிவாவும் படுத்துவிடவில்லை. 1913-ல் ஞானபாநு என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1915-ல் மீனாட்சி அம்மாள் கண்ணை மூடினார். அவர் பட்ட பாடு எந்தச் சரித்திரத்திலும் விரிவாக எழுதப்படவில்லை. நோயாளியின் பெயர் நிலைக்கிறது. உடனிருந்தவர் பெயர் மறைந்து போகிறது.

ரயிலில் இடமில்லை

சிவாவுக்கு வீடும் போயிற்று; துணையும் போயிற்று. நாடு மட்டும் மிச்சம். காவி உடுத்து ஊர் ஊராகப் புறப்பட்டார். அங்கேயும் ஒரு தடை. தொழுநோயாளிகள் ரயிலில் போகக் கூடாது என்றது அரசு. சிவா என்ன செய்தார்? நடந்தார். முடியாதபோது மாட்டு வண்டியில் போனார். புண்களைத் துணியால் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். 1921-ல் மறுபடியும் சிறை. அப்போதும் அவர் அடங்கவில்லை.

தருமபுரிப் பக்கத்தில் உள்ள பாப்பாரப்பட்டி அவருக்கு அடைக்கலம் தந்தது. அங்கே நண்பர்கள் துணையோடு பாரத ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டார். 1923-ல் சித்தரஞ்சன தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார்.

கோயிலுக்குப் பணம் திரட்ட மீண்டும் ஊர் சுற்றினார். மதுரையில் இருந்தபோது நோய் முற்றியது. முடிவு நெருங்கியதை உணர்ந்தார். பாப்பாரப்பட்டிக்கே போக வேண்டும் என்று துடித்தார். 1925 ஜூலை 22-ந் தேதி அங்கே சேர்ந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 40 தான். கோயில் எழும்பவில்லை.

இன்று தொழுநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். சிவாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சிவாவை நோய் வெல்லவில்லை என்று நாம் பெருமையாகச் சொல்லலாம். ஆனால், அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அவரோடு சேர்ந்து மீனாட்சி அம்மாளும் கொடுத்தார். நம் வீட்டிலும் ஒருவர் படுத்திருக்கலாம்; இன்னொருவர் இரவும் பகலும் பணிவிடை செய்யலாம். நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கும்போது, கொடுக்கிறவர் சாப்பிட்டாரா என்றும் ஒரு வார்த்தை கேட்போம்.