நேதாஜியின் இறுதிப் பயணம்

சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டு யாத்திரை முடித்துக் கொழும்பில் வந்திறங்கியது 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி. எட்டு நாட்களின் பின், 23ஆந் திகதி, ஒரிசாவிலுள்ள கட்டாக் நகரில் வழக்கறிஞர் ஜானகிநாத் போஸ் அவர்களின் மகனாகச் சுபாஷ் சந்திரர் பிறந்தார். மிஷன் பாடசாலையிலே ஆரம்பக் கல்வி கற்ற அவர், பதினைந்து வயதளவில் விவேகானந்தரின் நூல்களைப் படித்து, மக்கள் தொண்டே தம் வாழ்வெனக் கொண்டார்.

1920இல் இந்திய சிவில் சேவைப் பரீட்சையில் நான்காவதாகத் தேறினார். மறு ஆண்டே அப்பதவியைத் துறந்தார். 1938இலும் 1939இலும் காங்கிரஸ் மகாசபைத் தலைவராகத் தெரிவானார். காந்தியடிகளோடு கருத்து வேற்றுமை முற்றவே பதவி விலகினார். 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, காபூல் வழியாக யேர்மனி சேர்ந்தார். 1943இல் நீர்மூழ்கிக் கப்பலிலே கீழ்த்திசை வந்து, சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார்.

திருகோணமலை மக்களாகிய நாம் இவ்விடத்திற் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி நமது துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டு பொழிந்தவை யப்பானிய விமானங்கள். அந்த யப்பானின் துணையையே சுபாஷ் நாடினார். பகைவனின் பகைவன் நண்பன் என்பது அவர் போட்ட கணக்கு. அது சரியா, தவறா என்பதில் பெரியோர் இன்றும் வேறுபடுவர். ஆயினும், மலாயாத் தோட்டங்களிற் கூலிகளாய்க் குனிந்திருந்த தமிழர் பலர் அவர் அழைப்பைக் கேட்டு நிமிர்ந்து நின்றனர். சென்னையிற் பிறந்த டாக்டர் லட்சுமி, ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். 1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது.

1945 ஆகஸ்ட் 15இல் யப்பான் சரணடைவதாக அறிவித்தது. 17ஆந் திகதி சைகோனில் அவருக்குக் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். தோழர்களைப் பிரிய மனமின்றியே, கர்னல் ஹபிபுர் ரகுமானை மாத்திரம் உடன்கொண்டு யப்பானியக் குண்டுவீச்சு விமானமொன்றில் ஏறினார். மறுநாள் பிற்பகல், போர்மோசாத் தீவின் தைஹோகு நகரில் (இன்றைய தைவானின் தாய்ப்பே) எரிபொருள் நிரப்பி விமானம் மீண்டும் எழுந்தது. எழும் வேளையில் இயந்திரங்கள் முழு வலுவோடு உழைக்கும். பழுது நேரின் சமாளிக்கப் போதிய உயரமும் இராது. அவ்வேளையில் இடப்பக்கச் சுழல்விசிறி பிரிந்து வீழ்ந்தது. விமானம் நிலத்தில் மோதித் தீப்பற்றியது. தளபதி ஷிதேய் அதில் மாண்டார். எரிபொருளில் நனைந்த உடையோடு தீயினூடே வெளிவந்த சுபாஷ், அன்றிரவு இராணுவ வைத்தியசாலையில் உயிர் நீத்தார். வயது 48. அவருடையதெனப்படும் அஸ்தி தோக்கியோவின் ரெங்கோஜி ஆலயத்தில் வைக்கப்பட்டது.

அம்மரணத்தைப் பலர் நம்பவில்லை. துறவிக் கோலத்தில் வாழ்கிறார் என்றனர். 1956, 1974ஆம் ஆண்டுகளின் விசாரணை அறிக்கைகள் விபத்தை உறுதி செய்தன. 2005இன் அறிக்கை மறுத்தது. இந்திய அரசு அதனை ஏற்கவில்லை.

வாலிபர்களே! ஒரு தலைவர் மீண்டும் வருவார் என்று காத்திருத்தல் எளிது. அவர் விட்ட பணியை நம் தோளில் ஏற்றலே அரிது. அன்பு மிகுதியால் உண்மையை மறைத்தலும் ஆகாது. அவர் செய்த கணக்கை ஆராய்வோம். அவருடைய அஞ்சாமையைப் போற்றுவோம். பதவியையும் சுகத்தையும் உதறிய அந்நெஞ்சுரம் தீயில் வெந்ததன்று.